விலைக்கு வாங்கிய இறக்குமதியாளர் பட்டியலை மெயில் மார்க்கெட்டிங் தளத்தில் ஏற்றலாமா? (கோகோபீட் ஏற்றுமதி, பட்டுக்கோட்டை)

#1 புதாற்றுக்கரை

பட்டுக்கோட்டை பக்கம் நார் மில்லோடு சேர்ந்த கோகோபீட் (தென்னை நார்த்தூள்) யூனிட். 5 கிலோ பிளாக், 650 கிராம் பிரிக், க்ரோ பேக் மூன்றும் ஏற்றுமதி. வெளிநாட்டு இறக்குமதியாளர்கள், தோட்டப்பொருள் மொத்த வியாபாரிகள் பட்டியல் என்று ஒரு டேட்டா விற்பவரிடம் வாங்கிய எக்ஸெல் ஷீட் கையில் இருக்கிறது. 18,400 வரி. கம்பெனி, பெயர், பதவி, மெயில், போன், நாடு என்று ஆறு நெடுவரிசை. பெரும்பாலும் ஜெர்மனி, பிரிட்டன், கனடா, அமெரிக்கா.

இதை மெயில் மார்க்கெட்டிங் தளத்தில் ஏற்ற வேண்டும். ஏற்றும் பக்கத்தில் "இவர்கள் எல்லோரும் உங்களிடம் மெயில் பெற ஒப்புக்கொண்டவர்களா" என்று ஒரு டிக் பெட்டி வருகிறது. போன் எண்கள் எல்லாம் 4.91இ+11 என்று தெரிகின்றன. எந்த நெடுவரிசையை எதோடு பொருத்துவது, முகவரிகளைச் சரிபார்க்கும் சேவைக்குப் பணம் கட்டலாமா, ஒரு நாளைக்கு எத்தனை அனுப்பலாம் என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் நல்லது. இன்னும் ஒரு மெயில்கூட அனுப்பவில்லை.

#2 அரசலாறு

இன்னும் அனுப்பவில்லை என்பதுதான் நல்ல செய்தி சார். அந்தப் பெட்டியில் டிக் போடாதீர்கள். நீங்கள் போடும் டிக் உங்கள் கணக்கின் மேல் நீங்கள் எழுதிக் கொடுக்கும் உறுதிமொழி. மெயில்சிம்ப், ஜோஹோ கேம்பெயின்ஸ், ப்ரெவோ மூன்றின் விதிகளிலும் விலைக்கு வாங்கிய பட்டியலுக்கு இடமில்லை. வாடகைக்கு எடுத்ததற்கும் இல்லை. "இது வணிக முகவரிதானே, தனிநபர் இல்லையே" என்ற வாதம் அங்கே எடுபடாது.

ஏன் இவ்வளவு கறார் என்றால், சின்ன கணக்குகள் எல்லாம் அந்தத் தளத்தில் எல்லோரும் பகிரும் ஐபி முகவரிகள் (சர்வர்களின் இணைய எண்கள்) வழியாகத்தான் மெயில் அனுப்புகின்றன. ஒரே வாய்க்காலில் பாயும் வயல்கள் மாதிரி. தலைமடையில் ஒருவர் மருந்தைக் கலந்தால் கடைமடை வரை போகும். உங்கள் ஒரு அனுப்புதலால் மற்ற நூறு பேருடைய பில்லும் ரசீதும் ஸ்பாமில் விழும். அதனால் தளமே முந்திக்கொண்டு உங்கள் கணக்கை நிறுத்திவிடும்.

எண்ணாகவே பாருங்கள். அமேசானின் மெயில் அனுப்பும் சேவையான எஸ்இஎஸ் தன் வரம்பை வெளிப்படையாகச் சொல்கிறது. பவுன்ஸ் (போய்ச் சேராமல் திரும்பும் மெயில்) 5 சதவீதம் ஆனால் கணக்கு கண்காணிப்பில் போகும், 10 சதவீதம் ஆனால் அனுப்புவதையே நிறுத்தி வைக்கலாம். ஸ்பாம் புகார் 0.1 சதவீதத்தில் கண்காணிப்பு, 0.5இல் நிறுத்தம். உங்கள் 18,400இல் பத்தில் ஒன்று செத்த முகவரி என்று வைத்தாலே 1,840 பவுன்ஸ். முதல் நாளே கணக்கு முடிந்தது.

ஜிமெயிலும் யாஹூவும் 2024 பிப்ரவரியில் இருந்து விதியை இறுக்கிவிட்டன. ஜிமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு 5,000க்கு மேல் அனுப்புகிறவர் எஸ்பிஎஃப் (உங்கள் டொமைன் பெயரில் யார் அனுப்பலாம் என்ற பதிவு), டிகேஐஎம் (மெயிலில் விழும் டிஜிட்டல் கையெழுத்து), டிமார்க் (இவை தேறாவிட்டால் என்ன செய்வது என்ற அறிவிப்பு) மூன்றும் வைத்திருக்க வேண்டும். ஒரே சொடுக்கில் விலகும் வசதி வேண்டும், விலகச் சொன்னவரை இரண்டு நாளுக்குள் நீக்க வேண்டும். ஸ்பாம் புகார் 0.1 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், 0.3ஐத் தொடவே கூடாது. 0.3 என்றால் ஆயிரத்துக்கு மூன்று பேர். கேட்காத மெயிலுக்கு ஆயிரத்தில் மூன்று பேர் ஸ்பாம் பொத்தானை அமுக்க மாட்டார்களா என்ன. அவுட்லுக், ஹாட்மெயில் முகவரிகளுக்கும் 2025 மே மாதத்தில் இருந்து மைக்ரோசாஃப்ட் இதே 5,000 கணக்கில் அந்த மூன்று பதிவுகளையும் கட்டாயமாக்கிவிட்டது.

#3 குடமுருட்டி

அரசலாறு அண்ணே சொன்னது நியூஸ்லெட்டர் தளத்துக்குப் பொருந்தும். ஆனா ஏற்றுமதிக்காரங்க நிறைய பேர் வேற மாதிரி பண்றாங்க. முதல்ல பட்டியலை வெரிஃபை பண்ற சேவையில விட்டு செத்த முகவரியைக் கழிச்சுடறது. மெயின் டொமைனைத் தொடாம புதுசா ஒரு டொமைன் வாங்கி, அதுல நாலஞ்சு மெயில்பாக்ஸ் போட்டு, மூணு நாலு வாரம் கொஞ்சம் கொஞ்சமா அனுப்பிப் பழக்கி, அப்புறம் ஒரு பெட்டிக்கு நாளைக்கு 30ன்னு அனுப்பறது. பவுன்ஸ் 2 சதவீதத்துக்குள்ள நிக்கும். முழுசா தள்ளிட வேணாம்னுதான் சொல்றேன்.

#4 வெண்ணாறு

குடமுருட்டி சொன்ன முறை பரவலாக நடக்கிறது, உண்மை. ஆனால் வெரிஃபையர் என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டு முடிவெடுக்க வேண்டும்.

அது மூன்று காரியம் செய்யும். முகவரியின் எழுத்து அமைப்பு சரியா என்று பார்க்கும். அந்த டொமைனுக்கு மெயில் சர்வர் இருக்கிறதா என்று டிஎன்எஸ்ஸில் (டொமைன்களின் பொது விவரப் பதிவேடு) எம்எக்ஸ் பதிவைப் பார்க்கும். பிறகு அந்த சர்வரிடம் மெயில் அனுப்பப் போவது போலப் பேச்சைத் தொடங்கி, "இந்தப் பெறுநர் உண்டா" என்று கேட்டு, 250 (உண்டு) அல்லது 550 (இல்லை) என்று பதில் வந்ததும் இணைப்பை வெட்டிவிடும். அவ்வளவுதான். அந்த மனிதர் உங்களிடம் மெயில் கேட்டாரா என்பது அதற்குத் தெரியாது.

இதில் இரண்டு ஓட்டை. முதலாவது கேட்ச்-ஆல் டொமைன்கள். எந்தப் பெயரைச் சொன்னாலும் "உண்டு" என்று 250 சொல்லும் சர்வர்கள். நிறுவன டொமைன்களில் இது சகஜம். வெரிஃபையர் இவற்றை "அக்செப்ட்-ஆல்" அல்லது "தெரியவில்லை" என்ற கட்டத்தில் போடும். வாங்கிய வணிகப் பட்டியலில் அந்தக் கட்டம்தான் பெருத்துக் கிடக்கும். பட்டியல் விற்பவர்கள் முன்பெயர், புள்ளி, பின்பெயர் என்று ஒரு வார்ப்பில் முகவரிகளை உற்பத்தி செய்யும்போது, இந்தச் சர்வர்கள் எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்வதால் பொய் முகவரியும் நல்லதாகக் காட்டும். நிஜ மெயில் போனபிறகுதான் பவுன்ஸ் திரும்பும்.

இரண்டாவது ஸ்பாம் ட்ராப், அதாவது ஸ்பாம் அனுப்புகிறவரைப் பிடிக்க வைத்த பொறி முகவரி. யாருக்கும் கொடுக்கப்படாமல், இணையப் பக்கத்தில் ஒளித்து வைக்கப்பட்ட முகவரிகள் ஒரு வகை. முகவரிகளைத் திரட்டி விற்கும் மென்பொருள் மட்டுமே அவற்றைப் பிடிக்கும். இன்னொரு வகை, ஒரு காலத்தில் ஆள் இருந்து, கைவிடப்பட்டு, மாதக்கணக்கில் பவுன்ஸ் ஆகி, பிறகு பொறியாக மீண்டும் திறக்கப்பட்டவை. மூன்றாவது, ஜிமெயில் என்பதில் ஒரு எழுத்து தவறிய டொமைன்கள். மூன்றும் வெரிஃபையரிடம் 250 என்றே பதில் சொல்லும். முதல் வகையில் ஒன்றே ஒன்று அடிபட்டால் போதும், ஸ்பாம்ஹவுஸ் போன்ற தடுப்புப் பட்டியலுக்கு நீங்கள் பட்டியல் வாங்கியவர் என்று தெரிந்துவிடும்.

புது டொமைன் வாங்கினால் தப்பிக்கலாம் என்பதும் பாதிதான் நிஜம். ஸ்பாம்ஹவுஸ் ஐபியை மட்டுமல்ல, டொமைன் பெயரையும் பட்டியலிடுகிறது. மெயிலுக்குள் இருக்கும் இணைப்பு உங்கள் மெயின் இணையதளத்துக்குத்தானே போகிறது? அந்தப் பெயரும் சேர்ந்து மாட்டும். பிறகு வழக்கமான ஜெர்மன் வாடிக்கையாளருக்குப் போகும் புரொஃபார்மா இன்வாய்ஸ் ஸ்பாமில் விழும். தூத்துக்குடியில் கண்டெய்னர் காத்திருக்கும்போது பேப்பர் போய்ச் சேரவில்லை என்றால் என்ன ஆகும் என்று ஏற்றுமதிக்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

#5 குடமுருட்டி

கேட்ச்-ஆல் கணக்கு சரி. ஆனா மார்க்கெட்டிங் மெயிலையும் இன்வாய்ஸ் மெயிலையும் பிரிக்கணும்ங்கிறதுல நான் நிக்கிறேன். அதுக்குப் புது டொமைன் வேணாம், சப்டொமைன் (அதே டொமைன் பெயருக்கு முன்னால ஒரு சொல்) போதும். நியூஸ்னு ஒரு சப்டொமைன் போட்டு அதுக்குத் தனி டிகேஐஎம் வச்சு, கேட்டு வாங்கிச் சேர்ந்தவங்களுக்கு மட்டும் அதுல அனுப்பலாம். இன்வாய்ஸ் மெயின் டொமைன்லயே போகட்டும்.

#6 வெண்ணாறு

அது நல்ல ஏற்பாடு, முழுக்க ஒப்புக்கொள்கிறேன்.

#7 கொள்ளிடக்கரை

சட்டப் பக்கம் யாரும் தொடவில்லையே. புதாற்றுக்கரை சொன்ன நான்கு நாட்டிலும் நான்கு விதி.

ஜெர்மனிதான் கெடுபிடி. அவர்களுடைய முறையற்ற போட்டித் தடைச் சட்டத்தின் 7ஆம் பிரிவுப்படி, முன்கூட்டியே வெளிப்படையான சம்மதம் இல்லாமல் விளம்பர மெயில் அனுப்பக் கூடாது. நிறுவனத்துக்கு நிறுவனம் அனுப்பினாலும் அதே விதிதான். விளம்பரத்துக்காகப் போன் செய்வதாக இருந்தாலும், வணிக நிறுவனம் என்றால் குறைந்தபட்சம் அவருக்கு விருப்பம் இருக்கும் என்று கருத நியாயமான காரணம் வேண்டும். சக வியாபாரிகளே வக்கீல் நோட்டீஸ் அனுப்பும் ஊர் அது. தபாலில் போகும் கடிதத்துக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை.

பிரிட்டனில் லிமிடெட் கம்பெனிகளின் முகவரிக்குச் சம்மதம் இல்லாமலும் அனுப்பலாம். அனுப்புகிறவர் யார் என்று மறைக்கக் கூடாது, விலக வழி கொடுக்க வேண்டும். ஆனால் தனி உரிமையாளர் நடத்தும் நர்சரி, சில வகைக் கூட்டு நிறுவனங்கள் எல்லாம் தனிநபராகவே கருதப்படும். அங்கே சம்மதம் வேண்டும். உங்கள் ஷீட்டில் எது எந்த வகை என்று ஒரு நெடுவரிசைகூட இல்லை என்பதைக் கவனியுங்கள்.

கனடாவில் 2014 முதல் அமலில் இருக்கும் ஸ்பாம் தடுப்புச் சட்டம் சம்மதம் கேட்கிறது. ஒருவர் தன் வணிக முகவரியைத் தானே வெளிப்படையாகப் போட்டு, "விளம்பரம் அனுப்பாதீர்கள்" என்று சொல்லாமல் இருந்தால், அவர் வேலைக்குத் தொடர்புள்ள செய்தி அனுப்ப அதை மறைமுகச் சம்மதமாகக் கொள்ளலாம். ஆனால் அப்படித்தான் கிடைத்தது என்று நிரூபிக்க வேண்டியது அனுப்பியவர் பொறுப்பு. வாங்கிய ஷீட்டை வைத்து அதை நிரூபிக்க முடியாது. நிறுவனத்துக்கு அபராதத்தின் உச்சவரம்பு ஒரு கோடி கனடா டாலர்.

அமெரிக்காவில் மட்டும் முன்சம்மதம் கேட்கவில்லை. அனுப்புநர் பெயரும் தலைப்பும் பொய்யாக இருக்கக் கூடாது. உங்கள் தபால் முகவரி மெயிலில் இருக்க வேண்டும். விலகச் சொன்னவரை 10 வேலை நாளுக்குள் நீக்க வேண்டும். இதைப் படித்துவிட்டு "அமெரிக்கா பகுதியை மட்டும் தளத்தில் ஏற்றலாமே" என்று கிளம்ப வேண்டாம். சட்டம் விட்டாலும் தளத்தின் விதி விடாது.

ஐரோப்பிய முகவரிகளுக்கு இன்னொன்று. பெயரோடு இருக்கும் முகவரி அங்கே தனிநபர் தகவல். வேறொருவரிடமிருந்து பெற்ற தகவல் என்றால், எங்கிருந்து கிடைத்தது என்று அவருக்குச் சொல்ல வேண்டும் என்கிறது அவர்களுடைய தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆரின் 14ஆவது பிரிவு. அதிகபட்சம் ஒரு மாதத்துக்குள், அவரைத் தொடர்புகொள்ளவே அந்தத் தகவல் என்றால் முதல் தொடர்பிலேயே. "ஒரு டேட்டா வியாபாரியிடம் உங்கள் பெயரை விலைக்கு வாங்கினோம்" என்று முதல் மெயிலில் எழுத மனம் வருமா?

#8 புதாற்றுக்கரை

எல்லோருக்கும் நன்றி. ஏற்றப் போவதில்லை. கொடுத்த காசு தண்டமா, இல்லை இந்த ஷீட்டால் வேறு ஏதாவது உபயோகம் உண்டா?

#9 அரசலாறு

முழுத் தண்டம் இல்லை சார். சந்தாதாரர் பட்டியலாகப் பார்க்காமல் விலாசப் புத்தகமாகப் பாருங்கள். 18,400 பேருக்கு ஒரு மெயில் என்பதற்குப் பதில், கோகோபீட் உண்மையிலேயே வாங்கும் 150 அல்லது 200 நிறுவனங்களைக் கண்டுபிடிக்க இது உதவும்.

மூல ஷீட்டை அப்படியே ஒரு நகல் எடுத்துப் பூட்டி வையுங்கள். வேலை எல்லாம் நகலில்.

போன் எண் 4.91இ+11 என்று தெரிவது எக்ஸெல் அதை எண்ணாக எடுத்துக்கொண்டதால். ஃபைல் இன்னும் எக்ஸெல் வடிவத்திலேயே இருந்தால் பயமில்லை, 15 இலக்கம் வரை உள்ளே பத்திரமாக இருக்கும். அந்த நெடுவரிசையைத் தேர்ந்து, நம்பர் ஃபார்மட்டில் தசம இடம் பூஜ்ஜியம் வைத்தால் முழு எண் தெரியும். அதன் பிறகே டெக்ஸ்ட்டாக மாற்றுங்கள். இ+11 என்று தெரியும்போதே சிஎஸ்வியாக சேமித்துவிட்டால் முதல் மூன்றைத் தவிர மற்ற இலக்கங்கள் போனது போனதுதான், திரும்ப வராது. இதில்தான் நிறைய பேர் மாட்டுகிறார்கள்.

மெயில் நெடுவரிசையில் கண்ணுக்குத் தெரியாத இடைவெளி இருக்கும். இணையப் பக்கத்தில் இருந்து எடுத்தவை என்றால் அது சாதாரண இடைவெளி அல்ல, 160ஆம் எண் எழுத்து. ட்ரிம் ஃபார்முலா அதைத் தொடாது. சப்ஸ்டிட்யூட் போட்டு கேர் 160 என்ற அந்த எழுத்தை வெற்றாக மாற்றி, அதன் மேல் ட்ரிம், அதன் மேல் லோயர் போடுங்கள். அதற்கு அப்புறம் டூப்ளிகேட் நீக்கினால்தான் சரியாக நீங்கும். ஒரே கட்டத்தில் அரைப்புள்ளி போட்டு இரண்டு முகவரி இருந்தால் டெக்ஸ்ட் டு காலம்ஸ் வைத்துப் பிரியுங்கள்.

அடுத்து டொமைனைத் தனி நெடுவரிசையாகப் பிரித்து அதன்படி அடுக்குங்கள். ஒரே நிறுவனத்தில் பன்னிரண்டு பேர் இருப்பார்கள், உங்களுக்கு வேண்டியது கொள்முதல் பார்க்கும் ஒருவர். கம்பெனி பெயருக்கும் டொமைனுக்கும் சம்பந்தமே இல்லாத வரிகளைத் தள்ளுங்கள். இப்போது நிறுவனங்களின் இணையதளத்தைக் கண்ணால் பாருங்கள். கோகோபீட், வளர்ப்பு ஊடகம், ஹைட்ரோபோனிக்ஸ், பசுமைக்குடில் பொருள் என்று ஏதாவது விற்கிறார்களா? புல்வெட்டி விற்கும் கடைக்கும் மலர்க்கடைக்கும் உங்கள் பிளாக் எதற்கு? இந்த வேலையைப் பையன் ஒருவனிடம் கொடுத்தால் போதாது, சரக்கு தெரிந்தவர் பார்க்க வேண்டும். க்ரோ பேக் வாங்குகிறவர் வேறு, 650 கிராம் பிரிக்கைச் சில்லறைக் கடைக்குப் போடுகிறவர் வேறு என்று பார்த்தவுடன் தெரிவது உங்களுக்குத்தான்.

இணையதளத்தில் அவர்களே போட்டிருக்கும் கொள்முதல் முகவரி கிடைத்தால் அதை எழுதி, எந்தப் பக்கத்தில், எந்தத் தேதியில் எடுத்தது என்று பக்கத்திலேயே குறியுங்கள். கொள்ளிடக்கரை சொன்ன கனடா நிரூபணத்துக்கு இதுதான் கைகொடுக்கும். அந்த நொடியில் இருந்து உங்கள் ஆதாரம் வாங்கிய ஷீட் அல்ல, அவர்களுடைய சொந்தப் பக்கம்.

பிறகு நாடு வாரியாகப் பிரித்து, அமெரிக்கா, கனடா, பிரிட்டன் லிமிடெட் கம்பெனிகளுக்கு உங்கள் சொந்த மெயில்பாக்ஸில் இருந்து, ஒருவருக்கு ஒன்றாக, கையால் எழுதி அனுப்புங்கள். நாளைக்குப் பத்து, பதினைந்து. ஜெர்மனிக்குக் கடிதம். அதோடு ஜனவரியில் எஸ்ஸன் நகரில் நடக்கும் ஐபிஎம் கண்காட்சியிலும், ஜூனில் ஆம்ஸ்டர்டாமில் நடக்கும் கிரீன்டெக்கிலும் இந்த நிறுவனங்களில் யார் கடை போடுகிறார்கள் என்று அவர்களுடைய கண்காட்சியாளர் பட்டியலில் தேடுங்கள். நேரில் பார்த்துக் கார்டு வாங்கும்போது "மாதம் ஒரு முறை விலைப்பட்டியல் அனுப்பட்டுமா" என்று கேட்டு, அவர் சரி என்றால் கார்டின் பின்னால் தேதியோடு எழுதிப் படம் எடுத்து வையுங்கள். அது சம்மதம்.

#10 குடமுருட்டி

அந்த முதல் மெயில்ல என்ன இருக்கணும்ங்கிறதை நான் சொல்றேன். "வீ ஆர் லீடிங் மேனுஃபேக்சரர்"னு ஆரம்பிக்கிற மெயிலை எவனும் படிக்க மாட்டான். 12 எம்பி கேட்டலாக் பிடிஎஃப் இணைக்காதீங்க. படம் வேணாம், திறந்தாங்களான்னு பார்க்கிற டிராக்கிங்கும் வேணாம். ஆறேழு வரி சாதா எழுத்து போதும்.

முதல் வரியில அவங்க என்ன விக்கிறாங்கன்னு அவங்க சைட்ல பார்த்ததைச் சொல்லுங்க. முகவரி எங்க கிடைச்சதுன்னும் அதுலயே சொல்லிடுங்க. அப்புறம் சரக்கு. 5 கிலோ பிளாக், 30க்கு 30க்கு 12 சென்டிமீட்டர், கழுவினதா, கால்சியம் நைட்ரேட்ல ஊற வச்சு பஃபர் பண்ணதா. இசி (உப்பு அளவைக் காட்டுற மின்கடத்துத்திறன்) எவ்வளவு, எந்த முறையில அளந்தது. வாங்கறவங்க முதல்ல பார்க்கிறது அதைத்தான், வெறும் "லோ இசி"ன்னா மதிக்க மாட்டாங்க. ஈரப்பதம் எவ்வளவு, ஒரு பிளாக் எத்தனை லிட்டர் விரியும், 40 அடி ஹைக்யூப் கண்டெய்னர்ல எத்தனை டன் ஏறும், தூத்துக்குடி எஃப்ஓபி (கப்பல்ல ஏத்திக் கொடுக்கிற வரைக்குமான விலை). கடைசியில ஒரே ஒரு கேள்வி. "இப்ப எந்த இசி அளவுல வாங்கறீங்க?" இல்லைன்னா "சாம்பிள் பிளாக் ஒண்ணு அனுப்பட்டுமா?" சாம்பிள் அனுப்பறதுக்கு முன்னாடி அந்த நாட்டுக்குத் தாவர நலச் சான்று வேணுமான்னு கூரியர்ல கேட்டுக்குங்க.

கீழ உங்க பெயர், யூனிட் விலாசம், "இனி எழுத வேண்டாம் என்றால் ஒரு வரி பதில் போடுங்கள், நிறுத்திவிடுகிறோம்"னு ஒரு வரி. பதில் வரலைன்னா ஒரு வாரம் பத்து நாள் கழிச்சு ஒரே ஒரு நினைவூட்டல். அதோட விட்டுடணும்.

#11 முடிகொண்டான்

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். நாச்சியார்கோவில் குத்துவிளக்கு வியாபாரம். கல்யாண மண்டபங்கள், நகைக்கடைகள், பரிசுப்பொருள் கடைகள் என்று தமிழ்நாட்டுக்குள் ஒரு பட்டியல் விலைக்கு வருகிறது, மெயிலும் செல்பேசி எண்ணும் சேர்த்து. உள்ளூருக்கும் இதே கதைதானா?

#12 கொள்ளிடக்கரை

தளத்தின் விதி உள்ளூர், வெளியூர் பார்க்காது. சட்டத்தில் 2023இன் தனிநபர் மின்தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. ஒப்புதல், அறிவிப்பு தொடர்பான முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து நடைமுறைக்கு வரும். ஒருவர் தானே பொதுவில் வெளியிட்ட தகவலுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது, ஆனால் விலைக்கு வந்த ஷீட்டில் எது அப்படி வெளியானது என்று யார் சொல்வது? செல்பேசிக்கு விளம்பர எஸ்எம்எஸ் என்றால் அது தனி உலகம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018 ஒழுங்குமுறைப்படி டிஎல்டி என்ற பதிவுத் தளத்தில் நிறுவனம், ஹெட்டர் (அனுப்புநர் பெயர்), வாசகம் எல்லாம் பதிவு செய்ய வேண்டும். மண்டபங்களுக்கு நேரில் ஒரு விளக்கோடு போவது மேல் அண்ணே. கும்பகோணத்தைச் சுற்றி எத்தனை மண்டபம்!

#13 புதாற்றுக்கரை

சொந்தப் பட்டியல் ஒன்றும் இருக்கிறது. டேலியிலும் ஜிமெயிலிலும் சேர்ந்து ஏறக்குறைய 600 முகவரி. பழைய வாடிக்கையாளர், விசாரித்தவர், சாம்பிள் வாங்கியவர். இவற்றையாவது தளத்தில் ஏற்றலாம் அல்லவா? எதை முதலில் செய்வது?

#14 வெண்ணாறு

ஏற்றலாம், ஆனால் மூன்றாகப் பிரித்து. கடந்த இரண்டு வருடத்தில் சரக்கு வாங்கியவர்கள் ஒரு கட்டு. விசாரித்து, விலை கேட்டு, சாம்பிள் வாங்கியவர்கள் இரண்டாவது. அதற்கும் முந்தையவர்கள் மூன்றாவது. முதல் கட்டில் இருந்து தொடங்குங்கள். மூன்றாவது கட்டை ஏற்றவே வேண்டாம். அவர்களுக்கு உங்கள் மெயில்பாக்ஸில் இருந்து தனித்தனியாக "விலைப்பட்டியல் அனுப்பட்டுமா" என்று கேட்டு, சரி என்றவர்களை மட்டும் சேருங்கள். ஜெர்மன் வாடிக்கையாளர்களுக்கு இன்னும் ஒரு படி கவனம். வாங்கியவர் என்றாலும், அதே வகைச் சரக்கைப் பற்றி மட்டும் எழுதுங்கள், ஒவ்வொரு மெயிலிலும் விலக வழி கொடுங்கள், சந்தேகம் இருந்தால் கேட்டுவிடுங்கள்.

ஏற்றும் முன்பு டிஎன்எஸ் வேலை முடிந்திருக்க வேண்டும். அனுப்புநராக ஜிமெயில் முகவரியைப் போடாதீர்கள். வேறொரு தளத்தின் வழியே ஜிமெயில் பெயரில் போகும் மெயில் டிமார்க்கில் தேறாது. சொந்த டொமைன், குடமுருட்டி சொன்ன சப்டொமைன் என்றால் இன்னும் நல்லது.

எஸ்பிஎஃப் பதிவு ஒரு பெயருக்கு ஒன்றுதான் இருக்கலாம். கூகுள் வொர்க்ஸ்பேஸுக்கு ஒன்று, தளத்துக்கு ஒன்று என்று இரண்டு பதிவு வைத்தால் இரண்டுமே செல்லாது. ஒரே வரிக்குள் இரண்டு இன்க்ளூட் (இந்தச் சேவையும் அனுப்பலாம் என்ற குறிப்பு) எழுத வேண்டும். மொத்த டிஎன்எஸ் தேடல் பத்துக்கு மேல் போகக் கூடாது. இன்க்ளூடுக்குள் இருக்கும் இன்க்ளூடும் கணக்கில் சேரும், அதனால் பயன்படுத்தாத பழைய சேவைகளின் பெயரை எடுத்துவிடுங்கள். சில தளங்கள் எஸ்பிஎஃப் மாற்றவே கேட்காது. டிகேஐஎம் உங்கள் டொமைனோடு பொருந்தினால் டிமார்க் தேறிவிடும் என்பதால்தான்.

டிமார்க்கை நடவடிக்கை வேண்டாம் என்ற நிலையில் தொடங்குங்கள், அறிக்கை வரும் முகவரியையும் அதில் கொடுங்கள். சில வாரம் அறிக்கையைப் பாருங்கள். பில் அனுப்பும் மென்பொருள், இணையதளத்தின் தொடர்புப் படிவம் என்று மறந்துபோன அனுப்புநர்கள் அதில் தெரிவார்கள். அவர்களையும் சரிசெய்த பிறகே க்வாரன்டைனுக்கு (தேறாததை ஸ்பாமில் ஒதுக்கு என்ற நிலை) ஏற்றுங்கள். அவசரப்பட்டு ரிஜெக்ட் (தேறாததை ஏற்கவே வேண்டாம் என்ற நிலை) வைத்தால் உங்கள் சொந்த மெயில்களே திரும்பும்.

இனி ஃபைல். சிஎஸ்வி யூடிஎஃப்-8 என்ற வகையில் சேமியுங்கள், வெறும் சிஎஸ்வி அல்ல. இல்லையென்றால் தமிழ்ப் பெயர் கேள்விக்குறிகளாக மாறும், ஜெர்மன் பெயர்களில் எழுத்து மேல் வரும் இரட்டைப் புள்ளியும் சிதையும். சேமித்ததைச் சரிபார்க்க நோட்பேடில் திறங்கள். எக்ஸெல்லில் சொடுக்கித் திறந்து மறுபடி சேமிக்காதீர்கள். நெடுவரிசைகள் மெயில், பெயர், நிறுவனம், நாடு, வாங்கும் சரக்கு, சம்மதம் கிடைத்த வழி, சம்மதத் தேதி. தேதியை வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் எழுதுங்கள். 05/08/2024 என்று போட்டால் அமெரிக்க அமைப்பில் இருக்கும் தளம் அதை மே 8 என்று படிக்கும்.

முதலில் உங்கள் கையில் இருக்கும் ஐந்து முகவரியை மட்டும் ஏற்றிச் சோதியுங்கள். ஜிமெயிலில் வந்த சோதனை மெயிலில் "ஷோ ஒரிஜினல்" திறந்தால் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றுக்கும் பாஸ் என்று தெரிய வேண்டும். தெரிந்தால் முதல் கட்டை ஏற்றுங்கள்.

#15 அரசலாறு

வெண்ணாறு சொன்னதோடு இரண்டு சேர்த்துக்கொள்ளுங்கள். நாட்டுக்கு ஒன்று, சரக்குக்கு ஒன்று என்று தனித்தனிப் பட்டியல் தொடங்க வேண்டாம். ஒரே பட்டியல், அதில் டேக். மெயில்சிம்ப்பில் ஒரே ஆள் இரண்டு பட்டியலில் இருந்தால் இரண்டு ஆளாகக் கட்டணத்தில் சேரும். விலகியவரும் கட்டணக் கணக்கில் வருவார், ஆர்க்கைவ் செய்தால் வரமாட்டார். முக்கியமாக, ஒரு பட்டியலில் விலகியவர் இன்னொன்றில் சந்தாதாரராகவே இருப்பார். அவருக்கு மறுபடி மெயில் போனால் அமுக்குவது ஸ்பாம் பொத்தானைத்தான்.

முன்பு "இனி அனுப்பாதே" என்று மெயிலில் பதில் போட்டவர்கள் யாராவது உண்டா என்று ஜிமெயிலில் தேடி, அவர்களை விலகியவர்கள் என்ற நிலையில் முதலில் ஏற்றுங்கள். பிற்பாடு எந்த ஃபைலை ஏற்றினாலும் தளமே அவர்களைத் தடுத்துவிடும்.

முதல் அனுப்புதலுக்குப் பிறகு பவுன்ஸ் எண்களைப் படியுங்கள். 5.1.1 என்றால் அப்படி ஆளே இல்லை, தளம் தானே நீக்கும். 5.2.2 பெட்டி நிரம்பியது. 5.7.1 என்றால் அந்தச் சர்வர் உங்களைத் தடுக்கிறது, முகவரியில் தப்பில்லை. பல நிறுவனங்களில் இருந்து ஒரே நாளில் 5.7.1 வந்தால் அனுப்புவதை நிறுத்திவிட்டு டொமைன் தடுப்புப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். 4இல் தொடங்குவது தற்காலிகம், தளமே மறுபடி முயலும்.

#16 புதாற்றுக்கரை

பட்டியலைப் பிரித்துவிட்டேன். இரண்டு இடத்தில் நிற்கிறது. ஜெர்மன் ஏஜென்ட் ஒருவர் தன் வாடிக்கையாளர் சம்மதக் கடிதங்களோடு கொடுத்த சிஎஸ்வியைத் திறந்தால் எல்லாம் ஒரே நெடுவரிசையில் விழுகிறது. டிகேஐஎம் பதிவு போட்டு ஒரு நாள் ஆகியும் தளம் "கிடைக்கவில்லை" என்கிறது.

#17 வெண்ணாறு

சிஎஸ்வி கோளாறு அவர்கள் ஊர் வழக்கம். அங்கே தசமத்துக்குக் காற்புள்ளி போடுவதால் நெடுவரிசைகளைப் பிரிக்க அரைப்புள்ளி வரும். சொடுக்கித் திறக்காமல் எக்ஸெல்லில் டேட்டா மெனுவுக்குப் போய் ஃப்ரம் டெக்ஸ்ட் அல்லது சிஎஸ்வி எடுங்கள். ஃபைல் ஒரிஜின் 65001 யூனிகோட் யூடிஎஃப்-8, டிலிமிட்டர் செமிகோலன். லோடு செய்யும் முன் போன் நெடுவரிசையை டெக்ஸ்ட் ஆக்கிவிடுங்கள். அப்புறம் அந்தச் சம்மதக் கடிதங்களை ஒருமுறை படியுங்கள். சம்மதம் ஏஜென்ட் பெயருக்கா, உங்கள் நிறுவனத்தின் பெயருக்கா? ஏஜென்ட் பெயருக்கு மட்டும் என்றால் அந்த மெயிலை ஏஜென்ட்தான் அனுப்ப வேண்டும், நீங்கள் ஏற்ற முடியாது.

டிகேஐஎம் பதிவில் பெயர் கட்டத்தைப் பாருங்கள். தளம் கொடுத்த முழுப் பெயரையும் அப்படியே ஒட்டியிருந்தால், ஹோஸ்டிங் பேனல் கடைசியில் உங்கள் டொமைனைத் தானாகவும் சேர்த்து, டொமைன் பெயர் இரண்டு முறை வந்திருக்கும். டொமைன் பகுதியை வெட்டி, அதற்கு முன்னால் உள்ளதை மட்டும் வையுங்கள். சப்டொமைன் என்றால் நியூஸ் என்ற சொல் முன்பகுதியிலேயே இருக்க வேண்டும், அதை வெட்டிவிடாதீர்கள். சிநேம் வகைப் பதிவு கேட்ட இடத்தில் டிஎக்ஸ்டி வகை போட்டிருக்கிறீர்களா என்றும் பாருங்கள். டிஎன்எஸ் சேவை க்ளவுட்ஃப்ளேர் என்றால் அந்த வரியின் ஆரஞ்சு மேகத்தைச் சொடுக்கிச் சாம்பலாக்க வேண்டும்.

#18 புதாற்றுக்கரை

டொமைன் இரண்டு முறைதான் வந்திருந்தது. வெட்டியதும் வெரிஃபைடு என்று காட்டுகிறது. சம்மதக் கடிதங்களில் ஏஜென்ட் பெயர் மட்டுமே இருக்கிறது, அதனால் அந்த ஃபைலை ஒதுக்கிவிட்டேன். எங்கள் பெயரும் வரும்படி புதுப் படிவம் ஒன்றை அவருக்கு அனுப்புகிறேன்.